இருள் விலையும் இரும்பு விலையும்

கூட்டம் நடந்துகொண்டிருக்கிறது. மேடையிலே பேச்சாளர், எதிரே மக்கள், ஓரத்திலே தாய்மார்கள், மரத்தடியிலே சைக்கிளைச் சாய்த்துவிட்டு நிற்கும் இளைஞர்கள். பேச்சு ஏறிக்கொண்டே போகிறது. கை தட்டுவதற்காகக் கைகள் உயர்கின்றன. அந்த நேரம் பார்த்து மின்சாரம் போகிறது! ஒலிபெருக்கி ஊமையாகிறது; விளக்குகள் கண்ணை மூடுகின்றன; பேச்சாளரின் வாய் அசைவது மட்டும் முதல் வரிசைக்குத் தெரிகிறது. மைக்செட்டுக்காரர் ஓடுகிறார். மேடைக்குப் பின்னால் ஒரு முனகல், ஒரு இருமல், குப்பென்று ஒரு கரும்புகை. பிறகு தடதடவென்று ஜெனரேட்டர் எழுந்து நிற்கிறது. பேச்சாளர் விட்ட இடத்திலே தொடர்கிறார்.

பெரம்பலூர், அரியலூர் மாவட்டத் தோழர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. அதனால்தானோ என்னவோ, அண்மையில் நாம் அந்தப் பக்கம் சென்றிருந்தபோது, குன்னத்திலும் செந்துறையிலும் ஜெயங்கொண்டத்திலும் தேநீர்க் கடையிலே நம்மைச் சூழ்ந்துகொண்ட தோழர்கள், அரசியல் பேசி முடித்த பிறகு கேட்ட கேள்வி ஒன்றாகவே இருந்தது. "வீட்டுக்கு ஒரு பழைய டீசல் ஜெனரேட்டர் வாங்கலாம் என்றிருக்கிறோம் அண்ணே! எதைப் பார்த்து வாங்குவது?"

தலையங்கம் தீட்ட இவர்களுக்கு வேறு பொருளே அகப்படவில்லையா என்று சிலர் சிரிக்கக்கூடும். சிரிக்கட்டும்! சீட்டுக் கட்டிச் சேர்த்த பணம் அது. மனைவியின் சங்கிலியை வங்கியிலே வைத்து வாங்கிய பணம் அது. அதைக் கொண்டுபோய்ப் புதுச் சாயம் பூசிய பழைய இரும்பின் தலையிலே கொட்டிவிட்டு, ஆறாவது மாதம் ஆக்கர் கடைக்காரனுக்கு எடை போட்டுக் கொடுக்கும் தோழனைக் கண்டிருக்கிறோம். அது மட்டுமல்ல, இந்த வாணிபத்திலே ஓர் உயிரும் அடங்கியிருக்கிறது. யாருடைய உயிர் என்பதைப் பின்னால் சொல்கிறோம்.

இந்த வட்டாரத்திலே ஜெனரேட்டருக்கு ஏன் இத்தனை ஆவல்? பக்கத்திலேயே நெய்வேலி. 1962 முதல் அங்கே பழுப்பு நிலக்கரி எரிந்து மின்சாரமாகிறது. ஜெயங்கொண்டம் பகுதியிலும் மண்ணுக்கடியிலே அதே கரி கிடக்கிறது. மின் நிலையம் வரப்போகிறது, வேலை வரப்போகிறது என்று சொல்லி 1990களில் எட்டாயிரம் ஏக்கருக்கு மேல் நிலம் எடுத்தார்கள். கரி வெட்டப்படவில்லை, மின்சாரம் வரவில்லை, நிலம் கொடுத்தவன் இழப்பீட்டுக்காக நீதிமன்றப் படியேறியதுதான் மிச்சம். நிலத்தைத் திருப்பித் தருகிறோம் என்ற வார்த்தை வருவதற்குக் கால் நூற்றாண்டு ஆயிற்று! அரியலூரைச் சுற்றிச் சிமெண்ட் ஆலைகள். அவற்றிலே பெரியவை தமக்கெனச் சொந்த மின் நிலையம் வைத்திருக்கின்றன. சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறவன் வீட்டிலே விசிறி நிற்கும். ஆலையிலே சூளை நிற்காது!

2012ஆம் ஆண்டை யாரால் மறக்க முடியும்? 2008 கடைசியில் தொடங்கிய மின்வெட்டு அந்த ஆண்டிலே உச்சிக்குப் போயிற்று. சென்னைக்கு ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம். நம் மாவட்டங்களுக்கோ பத்து, பன்னிரண்டு, சில நாட்களில் பதினாறு மணி நேரம். இன்வெர்ட்டர் வாங்கி வைத்தவன்கூட ஏமாந்தான். மின்சாரம் வந்தால் அல்லவா பேட்டரி நிரம்பும்! அப்போது கையில் பணமிருந்தவர்கள் ஜெனரேட்டர் வாங்கினார்கள். கடை வைத்தவர், மண்டபம் கட்டியவர், மருத்துவமனை நடத்தியவர், எல்லோரும் வாங்கினார்கள். அன்று வாங்கிய அந்தப் பொறிகள்தாம் இன்று ஒவ்வொன்றாகப் பழைய சரக்காகச் சந்தைக்கு வருகின்றன.

இன்று 2012 போன்ற நிலை இல்லை. இருக்கிறது என்று சொன்னால் அது பொய், நாம் சொல்லமாட்டோம். ஆனால் மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை ஒன்பது மணிக்குப் போவது மாலைதான் வருகிறது. கோடைக் காற்றிலே கம்பி அறுகிறது. டிரான்ஸ்பார்மர் எரிந்தால் மாற்று வருகிறவரை காத்திருக்க வேண்டியிருக்கிறது. 2018 நவம்பர் 16இல் கஜா புயல் நாகையையும் திருவாரூரையும் தஞ்சையையும் புதுக்கோட்டையையும் அடித்துப் போட்டபோது, வாரக் கணக்கிலே விளக்கில்லாமல் கிடந்த ஊர்கள் உண்டு. வாடகை ஜெனரேட்டர் கொண்டுவந்து மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றினார்கள். உறவினர் வீட்டிலே போய் அதைக் கண்ணால் கண்டு வந்தவர்கள், நமக்கும் ஒன்று வேண்டும் என்று எண்ணுவதிலே தவறில்லை.

ஆயினும் முதலில் ஒன்று கேட்கிறோம். உங்களுக்கு ஜெனரேட்டர்தான் வேண்டுமா?

விசிறி ஒன்றுக்கு 75 வாட். புதுவகை விசிறி என்றால் 30. எல்.இ.டி. பல்பு 9 வாட். நாலு விசிறியும் ஆறு பல்பும் ஓடுவதற்கு அரை கிலோவாட்கூட வேண்டாம். இரண்டு மணி, மூன்று மணி நேரம் மின்சாரம் போகிற ஊரிலே இதற்கு ஒரு இன்வெர்ட்டரும் நல்ல பேட்டரியும் போதும். சத்தமில்லை, புகையில்லை. டீசல் கணக்கைப் பாருங்கள்: போதிய சுமையோடு ஓடும் நல்ல இன்ஜின், ஒரு யூனிட் உண்டாக்க லிட்டரிலே மூன்றில் ஒரு பங்கு குடிக்கும். சின்ன இன்ஜின், தேய்ந்த இன்ஜின் என்றால் அரை லிட்டர்கூடக் குடிக்கும். டீசல் லிட்டர் 90 ரூபாய் என்றே வைத்துக்கொண்டாலும், யூனிட் 30 ரூபாய், 45 ரூபாய்! வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் கட்டணமே இல்லாமல் வரும் நாட்டிலே, விசிறி சுற்றுவதற்கு இந்த விலையா?

ஆனால், ஆழ்குழாய்க் கிணற்றுத் தண்ணீரை நம்பித்தான் குடும்பமும் மாடும் இருக்கிறது. மோட்டார் ஓடாவிட்டால் குடிக்க நீரில்லை. வீட்டிலே ஆக்சிஜன் பொறியோடு ஒரு நோயாளி படுத்திருக்கிறார். முன்கட்டிலே கடை, அதிலே பாலும் ஐஸ் பெட்டியும். பின்கட்டிலே தறி. கொல்லையிலே கோழிப் பண்ணை. இப்படிப்பட்ட வீடு என்றால் டீசலைத் தேடுவதிலே நியாயமுண்டு. அப்படிப்பட்ட தோழருக்கே மேலே சொல்வதெல்லாம்.

மாட்டுச் சந்தைக்குப் போகிற நம் ஆளைப் பாருங்கள்! பல்லைப் பிடித்துப் பார்ப்பான்; சுழி பார்ப்பான்; நடக்கவிட்டுப் பார்ப்பான்; வாலை முறுக்கிப் பார்ப்பான்; துண்டுக்குள்ளே விரலைப் பிடித்து விலை பேசுவான். தரகன் தலைகீழாக நின்றாலும் ஏமாற்ற முடியாது. அதே மனிதன் பழைய ஜெனரேட்டர் கடைக்குப் போனால், பச்சைச் சாயத்தைப் பார்க்கிறான், பளபளப்பைப் பார்க்கிறான், பணத்தை எண்ணுகிறான்! ஏன்? இரும்புக்குப் பல்லில்லை என்று எண்ணிவிட்டான். உண்டு தோழர்களே, இரும்புக்கும் பல் உண்டு!

நெடுஞ்சாலை ஓரத்துக் கடை ஒன்றுக்கு, ஒரு தோழருக்குத் துணையாக நாமும் போனோம். கடை எந்த ஊர் என்பது இங்கே வேண்டாம். எல்லா ஊரிலும் இருக்கிறது.

"வாங்கண்ணே, வாங்க! இதோ பாருங்க, பதினைஞ்சு கே.வி.ஏ. செல்போன் டவர்லேருந்து வந்தது. சின்னதுக்குக் கேக்கிற பணம்தான் இதுக்கும்."

"எங்க வீட்டுக்கு அவ்வளவு எதுக்கு தம்பி?"

"பெரிசா வாங்கிப் போட்டா பின்னாடி ஏ.சி. வச்சுக்கலாம்ணே. நாளைக்கே மாடி கட்டுவீங்க!"

"எத்தனை மணி நேரம் ஓடியிருக்கு?"

"சும்மாவே நின்ன வண்டிண்ணே. மீட்டர்தான் கொஞ்சம் வேலை செய்யல."

தோழருடைய முகத்திலே ஒரு மலர்ச்சி! பதினைந்து! ஊரிலே யார் வீட்டிலும் இல்லாத பதினைந்து! இந்த இடத்திலேதான் மனிதன் விழுகிறான். நாம் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தேநீர்க் கடைக்கு வந்து, தாளிலே கணக்குப் போட்டோம். பதினைந்து கே.வி.ஏ. என்றால் சுமார் 12 கிலோவாட். தோழர் வீட்டிலே விசிறி, விளக்கு, தொலைக்காட்சி, குளிர்பதனப் பெட்டி எல்லாம் சேர்ந்து ஒரு கிலோவாட்டுக்குள்ளே. ஒரு குதிரைச் சக்தி நீர்மூழ்கி மோட்டார், அது ஓடும்போது ஒன்றேகால் கிலோவாட். மொத்தம் இரண்டேகால். மோட்டார் கிளம்புகிற நொடியிலே மட்டும் ஓடும்போது இழுப்பதைப் போல் நாலைந்து மடங்கு கரண்ட் இழுக்கும். அந்த ஒரு நொடியைத் தாங்குவதற்கும் சேர்த்து 5 கே.வி.ஏ. போதும். மோட்டாரைக் கிளப்பிவிட்டுப் பிறகு மற்றவற்றைப் போடும் பழக்கம் இருந்தால் தாராளமாகப் போதும்.

பெரிதாக இருந்தால் என்ன கெட்டுப் போயிற்று என்று கேட்பீர்கள். கெட்டுத்தான் போகிறது! டீசல் இன்ஜின் பாரம் இழுத்தால்தான் சூடேறும். சூடேறினால்தான் எண்ணெய் முழுதாக எரியும். யானையைக் கொண்டுவந்து கட்டை வண்டியிலே பூட்டினால் அது சோம்பி நிற்கும் அல்லவா, அதுபோல் சுமையில்லாமல் ஓடும் இன்ஜினிலே எரியாத எண்ணெயும் கரியும் நாசிலிலும் சைலன்சரிலும் படியும். லைனர் கண்ணாடியாக வழுக்கிப்போய் இன்ஜின் ஆயில் குடிக்கத் தொடங்கும். பெயர்ப்பலகையில் கண்ட சக்தியிலே மூன்றில் ஒரு பங்குக்குக் குறைந்த சுமையில் நெடுநேரம் ஓட்டக் கூடாது என்பார்கள் அறிந்தவர்கள். இரண்டேகால் கிலோவாட்டுக்குப் பன்னிரண்டு கிலோவாட் வாங்கினவன், தன் பொறியைத் தானே கொல்கிறான். அதற்கு டீசலும் ஊற்றிக்கொண்டே கொல்கிறான்!

இன்னொரு பக்கத்திலே இதற்கு நேர்மாறான ஏமாற்று. சின்ன இன்ஜினை வைத்துக்கொண்டு பெரிய பலகை அடித்திருப்பார்கள். இதற்கு ஒரு கணக்கு மனத்திலே இருக்கட்டும். ஒரு குதிரைச் சக்தி 746 வாட். 5 கே.வி.ஏ. என்றால் 4 கிலோவாட். வழியிலே வீணாவதையும் சேர்த்தால் ஏழு, எட்டுக் குதிரையாவது இழுக்க வேண்டும். ஐந்து குதிரை இன்ஜினின் மேல் 5 கே.வி.ஏ. என்று எழுதியிருந்தால், எழுதியவன் கை கூசவில்லை என்று பொருள்.

ஜெனரேட்டர் என்பது ஒரு பொறியல்ல, இரண்டு பொறி. ஒரே சட்டத்தின்மேல் பூட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான். இன்ஜின் ஒன்று, ஆல்டர்னேட்டர் ஒன்று. இன்ஜினைத் தந்தவர் ஜெர்மானியர் ருடால்ப் டீசல்; 1897இல் ஆக்ஸ்பர்க் நகரிலே தம் இன்ஜினை ஓட்டிக் காட்டினார். பெரிய ஆலைகளின் நீராவிப் பொறிக்கு எதிரே சின்னப் பட்டறைக்காரனும் தலைநிமிர்ந்து நிற்க ஒரு பொறி வேண்டும் என்பது அவருடைய ஆசை. பணமும் புகழும் வந்தன, போயின. 1913இல் இங்கிலாந்துக்குக் கப்பலேறியவர் நடுவழியிலே காணாமற் போனார். இன்னொரு பாதிக்கு மூலவர் மைக்கேல் பாரடே. கொல்லன் மகன், புத்தகம் பைண்டு செய்யும் கடையிலே வேலை கற்ற பையன், கட்டவந்த புத்தகங்களைப் படித்தே அறிவு பெற்றவன், 1831இல் காந்தத்தை அசைத்து மின்சாரம் பிறப்பித்துக் காட்டினான். நம் தோழர்கள் டீசலின் பாதியைத் தட்டிப் பார்க்கிறார்கள், கேட்டுப் பார்க்கிறார்கள். பாரடேயின் பாதியை எட்டிப் பார்ப்பதே இல்லை. வீட்டு டிவியை எரிப்பது அந்தப் பாதிதான்!

பழைய சரக்கு எங்கிருந்து வருகிறது என்று கேட்பதே முதற் சோதனை. செல்போன் டவரிலிருந்து வந்தது என்றால், அது பெரும்பாலும் இரவு பகல் பாராமல் ஓடியது. காட்டிலே கேட்பாரற்று நின்றது. மீட்டர் 'வேலை செய்யல' என்றால், அது வேலை செய்து களைத்துவிட்டது என்று கொள்க. வங்கியிலிருந்தோ அலுவலகத்திலிருந்தோ வந்தது என்றால் ஓட்டம் குறைவு. ஆனால் நின்றே கெட்டிருக்கும். ரப்பர் குழாய் வெடித்திருக்கும், டாங்கின் அடியிலே தண்ணீரும் கசடும் இருக்கும். இவை மாற்றக்கூடியவை, அஞ்ச வேண்டாம். வாடகைக்கு விட்டவனிடமிருந்து வந்ததா? ஆயிரம் கை பட்டது. மண்டபத்துச் சரக்கிலே நல்லதும் உண்டு.

மற்றொரு வகையும் இந்த வட்டாரத்திலே உண்டு. அது நமக்குப் பிடித்தமானது. ஆகையால் சற்று அதிகமாகவே சொல்லிவிடுகிறோம். பம்பு செட்டுக் கொட்டகையிலே தூசு மூடிக் கிடக்கும் பழைய ஆயில் இன்ஜின்! இங்கிலாந்திலே டர்ஸ்லி என்ற ஊரில் லிஸ்டர் கம்பெனி ஏறத்தாழ நூறாண்டுக்கு முன்பு செய்த மாதிரி. நிமிடத்துக்கு 650 சுற்று, ஆறு குதிரை, ஆளுயரச் சக்கரம் இல்லாவிட்டாலும் அதைப் போன்ற கனம். அதைப் பார்த்து ராஜ்கோட்டிலே ஆயிரக்கணக்கில் வார்த்தார்கள். மோட்டார் இல்லாத காலத்திலே நம் மேட்டு நிலத்துக் கிணறுகளில் நீர் இறைத்தது இந்த வகைதான். 1990இல் விவசாயிகள் அனைவருக்கும் இலவச மின்சாரம் வந்தபின், பல இன்ஜின்கள் கொட்டகைக்குள்ளே ஓய்வு பெற்றன. பெல்ட் பூட்டி மூன்று கே.வி.ஏ. ஆல்டர்னேட்டரைச் சுற்றவிட்டால் வீடு ஓடும். கனமான கான்கிரீட் மேடை வேண்டும். பெல்ட்டுக்குக் கூண்டு வேண்டும், இல்லாவிட்டால் வேட்டியையும் சேலையையும் இழுத்துவிடும். விளக்கு சற்றுத் துடிக்கும். ஆனால் எந்த ஊர் மெக்கானிக்கும் கைவைப்பார். மெதுவாகச் சுற்றுவதால் நீண்ட நாள் உழைக்கும். நாட்டுப்புறத்து வீட்டுக்கு, தோப்பின் ஓரத்திலே இடமிருந்தால், சாயம் பூசிய டவர் வண்டியைவிட இது மேல் என்பது நம் எண்ணம். மறுப்பவர் மறுக்கலாம்.

தெருவிலே வரிசை வீடு என்றால் இது ஆகாது. திறந்த இன்ஜினின் சத்தம் அடுத்த வீட்டுப் பிள்ளையின் படிப்பைக் கெடுக்கும். 2005ஆம் ஆண்டிலிருந்து செய்யப்படும் ஜெனரேட்டருக்கு ஒலி அடக்கும் கூடு வேண்டும். ஒரு மீட்டர் தூரத்திலே 75 டெசிபலுக்கு மேல் கேட்கக் கூடாது என்பது சட்டம். அதற்குப் பின் செய்தது என்று சொல்லிக் கூடில்லாமல் விற்பவன், கூட்டைத் தனியே விற்றுத் தின்றுவிட்டான் என்று அறிக.

இனிச் சோதனை. சொல்லாமல் போங்கள். போனவுடன் இன்ஜினின் மேல் கை வையுங்கள். சூடாக இருந்தால், நீங்கள் வருவது தெரிந்து அதை எழுப்பி வைத்திருக்கிறார்கள். "நாளைக் காலையில் வருகிறோம் தம்பி, தொடாமல் வையுங்கள்" என்று திரும்பிவிடுங்கள். குளிர்ந்த இன்ஜின் எப்படிக் கிளம்புகிறது என்பதிலேதான் அதன் வயது தெரியும். கிளப்புவதற்கு முன்பே ஆயில் கம்பியை உருவிப் பாருங்கள். டீசல் இன்ஜின் ஆயில் கறுத்திருப்பது இயல்பு. மோர் போல் வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் கலந்துவிட்டது, விலகுங்கள். ரேடியேட்டர் உள்ள வகையானால் அதன் மூடியைத் திறந்து பாருங்கள். ஆனால் குளிர்ந்திருக்கும்போது மட்டும்! நீரின் மேல் எண்ணெய் மிதந்தாலும் அதே நோய்தான்.

கிளம்பியதும் புகையைப் பாருங்கள். முதலில் சற்று வெள்ளைப் புகை வருவது குற்றமல்ல. சூடேறிய பிறகும் நிற்காவிட்டால் கம்ப்ரஷன் போயிற்று அல்லது நாசில் ஒழுகுகிறது. நீலப் புகை, ஆயில் எரிகிறது. ரிங், லைனர் செலவு காத்திருக்கிறது. பாரம் ஏறும்போது ஒரு கணம் கரும்புகை வந்து மறையலாம். மறையாமல் கொட்டிக்கொண்டே இருந்தால் அதன் சக்திக்கு மேலே கேட்கிறோம், அல்லது டீசல் பம்பு கெட்டிருக்கிறது. ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியை மெல்லத் தளர்த்திப் பாருங்கள். லேசான மூச்சு வரும், அது சரி. புகைவண்டி போலக் குபுகுபுவென்று வந்தால் போர் கட்டாமல் தீராது.

அடுத்ததுதான் கடைக்காரர் வெறுக்கும் சோதனை: சுமை ஏற்றுவது! வெறுமனே ஓட்டிக் காட்டி, ஒரு பல்பை எரியவிட்டு, "பாருங்கண்ணே, சூரியன் மாதிரி" என்பார்கள். வீட்டிலிருந்து இரண்டு இஸ்திரிப் பெட்டியும் ஒரு தண்ணீர் ஹீட்டரும் கொண்டுபோங்கள். ஒன்றன்பின் ஒன்றாகப் பூட்டுங்கள். அரை மணி நேரம் ஓடட்டும். கூடவே ஒரு எலெக்ட்ரீஷியன் தோழரை அழைத்துப்போய், மீட்டர் வைத்து அளக்கச் சொல்லுங்கள். சுமை இல்லாதபோதும் சுமை ஏறியபோதும் வோல்ட் 230ஐ ஒட்டியே நிற்கிறதா? அதிர்வெண் 50ஐச் சுற்றியே இருக்கிறதா, சுமை ஏறியதும் ஒன்றிரண்டு மட்டும் இறங்கி நிலைக்கிறதா? வோல்ட் 260, 270 என்று தாவினால் அன்றைக்கே குளிர்பதனப் பெட்டியின் உயிர் போகும். ஆல்டர்னேட்டரின் பக்கத்திலே முகர்ந்து பாருங்கள். வார்னிஷ் கருகிய வாடை ஒளியாது. காயில் மறுபடி கட்டியதா, கட்டியது செம்பா அலுமினியமா என்று கேளுங்கள். பதில் தயங்கினால் விலையும் இறங்க வேண்டும்.

உதிரிப் பாகம் திருச்சியிலே கிடைக்குமா, நம் ஊர் மெக்கானிக் இந்த வகையைப் பிரித்து மாட்டியிருக்கிறாரா என்று வாங்குவதற்கு முன் அவரிடமே கேட்டுவிடுவது நல்லது. பில்லும் பெயர்ப்பலகை எண்ணும் ஒத்திருக்கட்டும். திருட்டுச் சரக்கு வாங்கி நிலையத்திலே நிற்க வேண்டாம்.

வீட்டுக்கு வந்தபின் எங்கே வைப்பது? மழைக்குப் பயந்து தாழ்வாரத்துக்குள்ளேயும், திருடனுக்குப் பயந்து படிக்கட்டின் கீழும் வைக்கிறார்கள். அதன் புகையிலே கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. அந்த வாயுவுக்கு நிறமில்லை, வாடையில்லை. தூங்குகிறவனைத் தூக்கத்திலேயே முடித்துவிடும். ஜன்னலைத் திறந்து வைத்தேனே என்பது அதற்கு மறுமொழி ஆகாது. வீட்டுக்கு வெளியே, ஜன்னலிலிருந்து தள்ளி, மேலே தகரம் போட்டு, நாலு பக்கமும் காற்றாட வையுங்கள். திருடனுக்குச் சங்கிலி போதும்.

இப்போது, பின்னால் சொல்கிறோம் என்றோமே, அந்த உயிருக்கு வருவோம்.

பலர் செய்வது என்ன? ஜெனரேட்டரிலிருந்து ஒரு வயரை இழுத்து, அதன் முனையிலே ஒரு பிளக் மாட்டி, வீட்டுச் சுவரிலுள்ள பிளக் துளையிலே சொருகிவிடுகிறார்கள். வீடு முழுவதும் விளக்கு எரிகிறது! என்ன சுலபம், என்ன சிக்கனம்! ஆனால் தோழர்களே, அந்த மின்சாரம் உங்கள் வீட்டோடு நிற்பதில்லை. மெயின் சுவிட்சை இறக்க மறந்தால் மீட்டரைத் தாண்டி, கம்பத்துக்கு ஏறி, டிரான்ஸ்பார்மருக்குப் போகிறது. ஆயிரக்கணக்கான வோல்ட்டை 230ஆக இறக்கித் தருகிற அதே டிரான்ஸ்பார்மர், எதிர்ப்பக்கத்திலிருந்து போகும் 230ஐப் பழையபடி ஆயிரக்கணக்கிலே ஏற்றிவிடும். அதற்கு நல்லவன் கெட்டவன் தெரியாது. கம்பத்தின் மேலே யார் இருக்கிறார்? லைன்மேன்! நம் தெருவிலே விளக்கு வரவேண்டும் என்பதற்காக, மழையிலே ஏணி போட்டு ஏறியிருக்கிற மனிதன். துணை மின் நிலையத்திலே லைனை நிறுத்திவிட்டார்கள், கம்பி செத்துவிட்டது என்று நம்பிக் கை வைக்கிறான். கீழே ஒரு வீட்டிலே பழைய ஜெனரேட்டர் ஓடுகிறது, செத்த கம்பிக்கு உயிர் வருகிறது, உயிருள்ளவன் சாகிறான்!

அவன் யார்? ஒப்பந்தக் கூலிக்கு வந்த இளைஞனாக இருக்கலாம், கேங்மேனாக இருக்கலாம், சங்கக் கூட்டத்திலே நம் பக்கத்தில் உட்கார்ந்தவனாக இருக்கலாம். கஜா புயலின்போது எத்தனை மாவட்டங்களிலிருந்து, பக்கத்து மாநிலங்களிலிருந்தும் வந்து, சாய்ந்த கம்பங்களை இடுப்பளவு நீரிலே நின்று தூக்கினார்கள்! அப்படிப்பட்டவனை, காசு மிச்சம் என்று கருதி நாம் கொல்லலாமா? முதலாளி கொன்றால் கொடி பிடிக்கிறோம், நாம் கொன்றால்?

தீர்வு பெரிதல்ல. சேஞ்ச் ஓவர் சுவிட்சு என்று ஒரு பெட்டி. கைப்பிடியை மேலே தள்ளினால் மின்வாரியம். கீழே தள்ளினால் ஜெனரேட்டர். நடுவிலே இரண்டும் இல்லை. இரண்டும் ஒருசேர வரவே வராது. மீட்டருக்கு அடுத்தபடி, பேஸும் நியூட்ரலும் இரண்டுமே மாறும்படியாக, உரிமம் பெற்ற ஆளை வைத்துப் பூட்ட வேண்டும். ஜெனரேட்டருக்கென்று தனியாக எர்த் போட வேண்டும். "மெயினை நாங்கள் மறக்காமல் இறக்கிவிடுவோம்" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். நீங்கள் மறக்கமாட்டீர்கள், நீங்கள் ஊரில் இல்லாத அன்று, பள்ளிக்கூடம் விட்டு வந்த பையன் கிளப்புவானே, அவனும் மறக்கமாட்டானா? கடைக்காரரோடு விலை பேசும்போதே இந்தப் பெட்டியின் விலையையும் பூட்டும் கூலியையும் சேர்த்துப் பேசுங்கள். அதற்குப் பணம் போதாது என்றால், ஜெனரேட்டருக்கும் பணம் போதவில்லை என்றே கொள்க.

நம்மோடு வந்த தோழர் என்ன செய்தார் என்று கேட்பீர்கள். பதினைந்தை விட்டார். மூன்று வாரம் அலைந்தார். கடைசியில், பெரிய பொறி வாங்குவதற்காகத் தம் பழைய 5 கே.வி.ஏ.வை விற்க இருந்த மைக்செட்டுக்காரர் ஒருவரிடமே போய்ச் சேர்ந்தார். அது எத்தனை கூட்டங்களிலே ஓடியது, எந்தக் கூட்டத்திலே நடுவில் நின்றது, எப்போது ரிங் மாற்றினார்கள் என்பதெல்லாம் நம் தோழர்களுக்கே மனப்பாடம். குளிரக் குளிரக் கிளப்பினார்கள், இஸ்திரிப் பெட்டி பூட்டினார்கள், மீட்டர் வைத்தார்கள். சைலன்சரிலே ஓட்டை, ரப்பர் குழாய் மாற்ற வேண்டும், அதற்காக விலையிலே கொஞ்சம் குறைத்தார்கள். இப்போது தோழர் வீட்டுக் கொல்லையிலே, தகரத்தின் கீழே நிற்கிறது.

இன்னும் ஓட்டவில்லை. சேஞ்ச் ஓவர் பெட்டி பூட்ட ஆள் வெள்ளிக்கிழமைதான் வருகிறாராம். அதுவரையில் யாரும் கிளப்பிவிடக் கூடாது என்று, இன்ஜின் சுற்றும் கைப்பிடியைக் கழற்றி, வீட்டு அம்மையாரிடம் கொடுத்து வைத்திருக்கிறார். அவர் அதை அரிசிப் பானைக்குள் போட்டு மூடியிருக்கிறார்.